அண்ணனுக்கு ஒரு போன்

"இது என்னங்க?" யாஸ்மின் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கப்பல் படம்.

நாச்சியம்மாள் அட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"கப்பல்னு சொல்லு கண்ணு" என்றார் செங்கோடன். அவள் கடைவாயில் வழிந்த எச்சிலைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். "மாடிப்படியில வழுக்கி உழுந்துட்டாளுங்க டாக்டரம்மா. மண்டையில அடி. பேச்சும் போச்சு, ஞாபகமும் போச்சு. பவுண்டரித் தொழிலக்கூட விட்டுப்போட்டு இவ கூடவே இருக்கறனுங்க."

இப்படியும் ஒரு புருஷனா என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள்.

யாஸ்மினுக்கோ எரிச்சலாக வந்தது. கப்பல், ஒட்டகம், அன்னாசி. தினமும் இதே அட்டைகள், தினமும் இதே மௌனம். பேச்சுப் பயிற்சி படித்துவிட்டு இந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே வீணோ என்றிருந்தது. அட்டையை மேஜை மேல் எறிந்தாள்.

"நீங்க இருந்தா உங்க மூஞ்சியவே பாக்குறாங்க. கொஞ்சம் வெளிய இருங்க."

செங்கோடன் மனசில்லாமல் எழுந்து போனார். கதவு சாத்தியதும் நாச்சியம்மாள் வாயைத் திறந்தாள்.

"கப்பலு... எனக்கு... எதுக்குங்க?"

யாஸ்மினுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லையே! "சரிங்க, உங்களுக்கு என்னதான் ஞாபகம் வேணும்?"

நாச்சியம்மாள் வெகுநேரம் திணறிவிட்டுச் சொன்னாள். "அண்ணன்... போனு."

அண்ணன் கொடுமுடியில் உரக்கடை வைத்திருந்தார். டைரக்டரியில் தேடி எண்ணை எடுத்தாள் யாஸ்மின். அட்டைகள் அலமாரிக்குப் போயின. எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, மேஜையில் இருந்த போனின் பொத்தான்களை அழுத்தியே பழக்கினாள். பாதியில் மறந்துபோகும். நாச்சியம்மாள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுவாள். மறுபடியும் முதலிலிருந்து.

"நானே போட்டுத் தரட்டுங்களா?" என்று பொறுமை இழந்து ஒருநாள் கேட்டாள் யாஸ்மின்.

"ஊட்ல... நாந்தான... போடோணும்."

பேசுவதற்கும் ஒரு வரி சொல்லிக்கொடுத்தாள்: "அண்ணா, நா நாச்சி பேசறனுங்க. நல்லாருக்கறனுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை எண் முழுசாக வந்தது. மறுமுனையில் மணி அடித்தது. வெளியே வராந்தாவில் செங்கோடன் கையில் இளநீரோடு காத்திருந்தார்.

"ஹலோ, யாருங்க?" என்றது ஒரு குரல்.

"அண்ணா, நா நாச்சி பேசறனுங்க."

யாஸ்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சத்தையும் சொல்லும்படி தலையாட்டினாள்.

நாச்சியம்மாள் சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தாள். ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நா... வழுக்கி உழுகலீங்கண்ணா. தள்ளி உட்டாரு."