விளிம்பு வரை

கடலில் ஓரிடம் மட்டும் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அது கரையிலிருந்தே தெரிந்தது. வள்ளத்தில் தனியாகப் போயிருந்த இஞ்ஞாசி அதைச் சாளைக் கூட்டம் என்று நினைத்து எஞ்சினை அணைத்தான். சத்தம் கேட்டால் மீன் கலைந்துவிடும் என்பதால் அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வள்ளம் தானாகவே நுரைக்குள் மிதந்து போனது.

"மெதுவாப் பேசு புள்ள, மீனுக்குக் கேட்டுரும்" என்றான் கைப்பேசியில்.

அவன் மனைவி ரொசாரி வீட்டுச் சன்னல் வழியே பார்த்தாள். "மீனிருந்தா ஆலாப் பறவை சுத்துமே, மேல ஒண்ணுகூடப் பறக்கலையே?"

"அதுக பூசைக்குப் போயிருக்கும்."

அவளுக்குப் பின்னால் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் போகும் எரிவாயுக் குழாயை விடியற்காலையில் யாரோ வெடிவைத்து உடைத்திருந்தார்கள். சண்டையிடும் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கைகாட்டின.

"ஏங்க, அது மீனில்ல, கேஸு! எஞ்சினைக் கிளப்பிராதீக, ஒரு பொறி போதும். துடுப்புப் போட்டு வெளிய வாங்க!"

கைப்பேசியில் துடுப்பு வீசும் சத்தம் கேட்டது.

"துடுப்புக்குத் தண்ணி பிடிபடல ரொசாரி, எல்லாம் காத்தும் நுரையுமா இருக்கு, வள்ளத்தைத் தாங்கல. உள்ள ஒத்த மீனில்ல, இருந்தும் இப்படி அமுங்குதே!"

மீன் வாங்க மணலில் நின்ற பெண்களுக்கு விளிம்பு வரை தாழ்ந்த வள்ளம் மட்டும்தான் தெரிந்தது. "இஞ்ஞாசிக்கு இன்னைக்கு நல்ல மீன்பாடுடி!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நீரோரம் ஓடினார்கள்.