பத்து நிமிடச் சண்டை

"உன் மெஷினுக்கு என்ன வயசும்மா? என் கடையில எடைக்குப் போட்டாக்கூட வாங்க மாட்டேன்!"

பழைய இரும்பு வியாபாரி ஆரம்பித்துவிட்டார். கதிர்வீச்சு அறைக்கு வெளியே, டெக்னீஷியன் பெண்ணின் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தினமும் இதே கூத்து.

"ஐயா, உள்ளே ஒரு அம்மாவுக்கு ட்ரீட்மென்ட் நடக்குது. பத்து நிமிஷம்தான். அடுத்தது நீங்கதான். உட்காருங்க."

"உட்கார மாட்டேன். என்ன செய்வே?"

அவருக்கு நாக்கில் புற்றுநோய். காதோரம் மெல்லிய குழாய் செருகி, ரத்தக்குழாய் வழியாகக் கட்டிக்கே நேராக மருந்து, கூடவே கதிர்வீச்சு. நாக்கை வெட்டாமல் காப்பாற்றத்தான் இத்தனை பாடு. வாயெல்லாம் புண். பேசப் பேசக் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆனாலும் ஓய மாட்டார்.

துணைக்கென்று ஒருவரும் வந்ததில்லை. இந்த வாய்க்கு யார் வருவார்கள் என்று வார்டே பேசிக்கொண்டது.

புகார் டாக்டரிடம் போனது.

"பெரியவரே, வாய்க்கு ஓய்வு கொடுக்கலைன்னா புண் ஆறாது. வைத்தியத்தைப் பாதியில நிறுத்தணும். அப்புறம் நாக்கை எடுக்கிறதுதான் வழி. பேச்சே போயிடும்."

"தினம் பத்து நிமிஷம் மட்டும், டாக்டர்."

"கூடாது."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். அஞ்சு!"

"இதென்ன சந்தையா? ஒரு நிமிஷம்கூடக் கிடையாது."

மறுநாள் முறை வரும்வரை அவரைக் கீழ்த்தளத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். டெக்னீஷியன் நிம்மதியாகப் பொத்தானை அழுத்தினாள்.

உள்ளே, தலை அசையாமலிருக்க முகத்தின்மேல் வலைமூடியைப் போட்டுப் படுக்கையோடு பூட்டியிருந்த, தினமும் அவருக்கு முந்தின முறைக்காரரான அந்த அம்மா கையைத் தூக்கினார். மெஷினை நிறுத்திவிட்டு ஓடினாள். மூடியைக் கழற்றினாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

"அவரு வரலையா?"

"அந்தச் சண்டைக்காரரா? இனிமே அவர் தொல்லை இல்லைம்மா. அவர் கத்துறது உங்களுக்குமா கேட்டுச்சு?"

"உன் மேஜை மைக்ல எல்லாம்தான் கேக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் யாருமில்லைம்மா. பூட்டிட்டு நீங்க போனதும் மூச்சு முட்டுது, வெளியே ஒரு மனுஷக் குரல் கேட்டாப் போதும்னு முதல் நாள் அவர்கிட்ட அழுதேன். 'நான் பேசறேன். ஆனா எனக்குச் சண்டைதான் பேச வரும், பரவாயில்லையா'ன்னு கேட்டாரு."