விசிறிக்காரி

பொம்மையின் முதுகில் இருந்த சின்னக் கதவைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

அவன் முகத்தைச் சுளித்தான்.

பழம்பொருட்களுக்கு விலை மதிப்பிடுவது அவன் தொழில். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை இந்தச் சாவிப் பொம்மைக்காகவே வந்திருந்தான். பற்சக்கரத்துக்குப் போய் யாராவது விளக்கெண்ணெய் விடுவார்களா?

"எல்லாம் பிலோமி வேல" என்றார் வீட்டுக்காரர் கஸ்பார். "சனிக்கெழம தலைக்கு எண்ணெ தேய்க்கயில இதுக்கும் ரெண்டு சொட்டு ஊத்திருவா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இதான் பழக்கம்."

பிலோமி ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். பக்கவாதம் அவள் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. வலது கையையும்தான். அந்தக் கையில் ஒரு பனையோலை விசிறியைச் செருகி மடியில் வைத்திருந்தார்கள்.

"பொம்மையப் பாத்துத்தான் தம்பி இவ கை வருது. காலையில சாவி குடுப்பேன். அது விசிறியத் தூக்கும். கூடவே இவளும் தூக்குவா. டாக்டர் சொல்லி வராத கை. முந்தாநாளு கழுத்து வரைக்கும் வந்துட்டு. முழுசா நேராவட்டும், பொம்மையக் குடுத்துரலாம். வெலய மட்டும் இப்பச் சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றான். பாதிதான் காதில் விழுந்தது.

அவன் கண் முழுக்கப் பொம்மை மேல் இருந்தது.

முழ உயரத்தில் ஒரு பீங்கான் முகத்துக்காரி. பட்டு கவுன் நைந்து போயிருந்தது. கையில் சரிகை விசிறி.

சாவி கொடுத்துப் பார்த்தான்.

அவளுக்கு அவசரமே இல்லை. விசிறி மெல்ல, மிக மெல்ல மேலே போனது. தலை திரும்பியது. உள்ளே இருந்த இசைப்பெட்டி தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்றை இழுத்து இழுத்துப் பாடியது.

அவன் பின்னால் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. அவன் திரும்பவில்லை. பொம்மையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எண்ணெய் பிசினாக இறுகிச் சக்கரங்களை இழுத்துப் பிடித்திருந்தது.

பொம்மை நின்றதும் தூரிகையைப் பெட்ரோலில் நனைத்து ஓரமாகத் துடைத்தான். பித்தளையில் எழுத்துகள் தெரிந்தன.

பாரிஸ் பட்டறை ஒன்றின் பெயர்.

இந்த முத்திரையை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். இதை விற்றால் இதே தெருவில் வீடு வாங்கலாம். மாடி வைத்த வீடு.

பெயரைப் படித்தாயிற்று. அத்தோடு தூரிகையைக் கீழே வைத்திருக்கலாம். கை நிற்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாக, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தான். பிலோமி ஊற்றியதெல்லாம் பழுப்புக் கசடாகத் துணியில் வந்து சேர்ந்தது. பித்தளை பளபளத்தது. அவனுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

மறுபடி சாவி கொடுத்தான்.

விசிறி விருட்டென்று எழுந்தது. தலை வெடுக்கென்று திரும்பியது. கண் சிமிட்டினாள். பாட்டும் தாலாட்டில்லை, துள்ளிக் குதிக்கிற நடனப் பாட்டு.

"பாருங்க சார்! இதுதான் இவளோட நெஜமான வேகம்!"

பின்னால் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

திரும்பினான்.

பிலோமியின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. அதற்குள் பொம்மை விசிறியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிவிட்டது.

கை தடுமாறி மடியில் விழுந்தது. மறுபடி எழும்பியது. பொம்மை அதற்கு முன்னால் போய்விட்டது.

மறுபடி.

பனையோலை விசிறி நடுங்கியது. விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கஸ்பார் சொன்னதில் அவன் காதில் விழாத பாதி இப்போதுதான் விழுந்தது.

கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் பாதி வழியில் உதறிவிட்டு ஓடினால் பார்ப்பதைப் போல, பிலோமி பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் கஸ்பார்.

நிறுத்த முடியாது. சாவி தீர்கிற வரை அது ஆடத்தான் செய்யும். மூன்று பேருக்கும் நடுவில் அந்தச் சனியன் பிடித்த பாட்டு குதித்துக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக ஓய்ந்தது.

கஸ்பார் குனிந்து விசிறியை எடுத்தார். மனைவியின் விரல்களுக்குள் வைத்து மூடினார். விரல்கள் பிடிக்கவில்லை. மறுபடி வைத்தார். விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

திறந்த முதுகுக்குள் பாரிஸ்காரன் பெயர் பளபளத்தது. இப்படியே எடுத்துப்போய் ஏலத்தில் வைத்தால் தன் பெயரும் நாலு பேருக்குத் தெரியும்.

அவன் துணியை மடித்து வைத்தான்.

"விளக்கெண்ணெய் எங்க இருக்கு அண்ணாச்சி?"

கஸ்பார் விழித்தார். அவருக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பாட்டிலைத் தேடியதே இல்லை.

ஜன்னல் பக்கமிருந்து பிலோமியின் முகம் திரும்பியது.

அவள் இடது கை சமையலறையைக் காட்டியது. மேல் தட்டு.