பதினொன்றாவது திருத்தம்

பதினொன்றாவது வரியில் இருந்தது.

புதுப்பட்டினம் பஜார் நெட் சென்டரில், கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, நரசிம்மன் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்தார்.

வருஷா வருஷம் தீபாவளியை ஒட்டி வெளியாகும் கிரிக்கெட் வீடியோ கேம். 2009 பதிப்பில் என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்று கம்பெனி ஒரு பட்டியல் போட்டிருந்தது. புல் இன்னும் பச்சை, ஆட்டக்காரர்களுக்குப் புதுச் சட்டை, நெற்றியில் வியர்வை என்று பீற்றிக்கொண்டே போய், நடுவில் ஒரே ஒரு வரி. இருவர் சேர்ந்து ஆடும்போது இரண்டாம் ஜாய்ஸ்டிக்கின் ஓடும் பட்டன் சில சமயங்களில் வேலை செய்யாதது சரிசெய்யப்பட்டுள்ளது.

அவ்வளவுதான். எப்போதிருந்து கெட்டிருந்தது, யார் சொல்லித் தெரிந்தது, ஒன்றும் இல்லை.

நான்கு வருஷமாக அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான்.

கல்பாக்கம் அணுமின் நிலைய நிர்வாகப் பிரிவில் முப்பது வருஷம் கடிதம் எழுதியே பழகிய மனிதர். கடிதம் போனால் பதில் வரவேண்டும், வராவிட்டால் நினைவூட்டல் போகவேண்டும். கம்பெனிக்கும் அப்படியே எழுதினார், பொருள், பார்வை, தேதி எல்லாம் போட்டு. திருட்டு சிடி வாங்கியவனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று, ஒவ்வொரு வருஷமும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் ஒரிஜினலே வாங்கினார். காப்பி போட்டுத் தருகிறேன் என்று நெட் சென்டர்காரர் சடையப்பன் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

சாட்சியமும் அனுப்பினார். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் இரண்டு தொடையில் வைத்துக்கொண்டு, ஒரே ஆள் இரண்டு பேராக ஆடினார். நூறு முறை அழுத்தியதில் பதினேழு முறை ஆள் ஓடவில்லை என்று அட்டவணை போட்டார். முடித்து எழுந்திருக்கும்போது தட்டு மேஜையில் மூடியிருக்கும். தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

கம்பெனியிலிருந்து வந்ததெல்லாம் ஒரே பதில். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், அடுத்த பதிப்புக்குக் காத்திருங்கள். அதை அனுப்புவது மெஷின் என்று புரிவதற்கே அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை வாக்குறுதி என்று நம்பிக் காத்திருந்தார், பாவம்.

கம்பெனி வெப்சைட்டில் ஆட்டக்காரர்கள் கூடிப் புலம்பும் பக்கத்திலும் எழுதினார். பொடியன்கள் விடவில்லை. அங்கிள், தனியா ஆடுங்க, பிரச்சினையே வராது என்றார்கள். தனியாகத்தான் ஆடுகிறேன் என்று பதில் எழுத அவருக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த வரியை பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார். கோடு கோணலாகிவிட்டது. இன்னொரு பிரிண்ட் எடுத்தார்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவர் மனைவி சியாமளா சாப்பாட்டு மேஜையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காஸ் வந்தது, பால் வரவில்லை, மகன் நிதின் போன் பண்ணினான் என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது. காகிதத்தை அவள் முன்னால் வைத்தார். கோடு போட்ட இடம் அவள் பக்கம் இருக்கும்படி திருப்பியும் வைத்தார்.

2005-ல், தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிதின் வேலைக்குப் புனே போனபோது விட்டுச்சென்ற விளையாட்டை, இவர்கள் இருவரும் சாயங்காலங்களில் சேர்ந்து ஆடுவார்கள். புதுப் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. இரண்டாம் ஜாய்ஸ்டிக் அவளுடையது. பேட்டிங் அவளுக்கு வராது, ஓடுவதில் புலி. அன்றைக்கு ஆபீஸ் நண்பர் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். கடைசிப் பந்து, ஒரு ரன் வேண்டும். நரசிம்மன் ஓடினார். அவள் ஆள் அசையவில்லை. அவுட்.

"நான் அழுத்தினேங்க" என்றாள்.

அழுத்தவில்லை, பொய் சொல்கிறாள், சாம்பாரில் உப்பு போட்டேன் என்று சாதிப்பதும் இதே லட்சணம்தான் என்று நரசிம்மன் வந்தவர்கள் முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஜாய்ஸ்டிக்கை டிவி மேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் தனியாக உட்கார்ந்து அவள் ஜாய்ஸ்டிக்கை அழுத்திப் பார்த்தபோது, சில தடவை ஆள் ஓடவில்லை. அவள் சொன்னது நிஜம். அப்போதே சமையலறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். கம்பெனியே எழுதிக் கொடுக்கட்டும், கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று முதல் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

சியாமளா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நிதானமாக, கடைசி எழுத்து வரை படித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டோம்னு போட்டிருக்கு. தப்பு எங்க மேலதான்னு யாரும் சொல்லலியே."

நரசிம்மன் அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அந்த வரியை ஐந்தாவது முறையாகப் படித்தார்.

சியாமளா காத்திருந்தாள். நன்றாகவே காத்திருந்தாள். பிறகு அடுத்த காயை எடுத்தாள்.