பாட்டு வைத்தியக் குழுவின் மூன்றாவது கூட்டம்

பாட்டுக் கேட்டால் நோயாளிக்குத் தெம்பு வரும் என்று காட்டில் யாரோ சொல்ல, அதற்கென ஒரு வட்டாரக் குழு அமைந்தது. எருமை தலைவர், காகம் செயலாளர். முதல் இரண்டு கூட்டமும் குழுவுக்குப் பெயர் வைப்பதிலேயே போனது. மூன்றாவது கூட்டம் புதரோரம் நடந்தது.

அந்தப் புதரில் பத்து நாளாகப் படுத்துக் கிடந்த முயலுக்கு ஒரு சில்வண்டு பாடிக்கொண்டிருந்தது. முயல் அன்றுதான் எழுந்து உட்கார்ந்து ஒரு புல்லைக் கடித்தது.

காகம் பறந்து வந்தது. "தம்பி, நோயாளிகளுக்குப் பாட்டை எப்படிக் கொண்டுபோறதுன்னு பேசிட்டிருக்கோம். உன் சத்தத்துல தலைவர் பேசுறது கேட்கல. கொஞ்சம் நிறுத்து."

"முயல் இப்பத்தாங்க சாப்பிடவே ஆரம்பிச்சுது."

"அதையும் அஜெண்டாவுல சேர்த்துக்கறோம்."

வண்டு நிறுத்தியது. முயல் புல்லைக் கீழே போட்டுவிட்டுப் படுத்தது.

கூட்டம் நான்கு நாள் நீண்டது. முயலுக்குப் பாட்டு அவசியம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அதைச் சொல்லக் காகம் போனபோது முயல் செத்துக் கிடந்தது.

குழு மொத்தமும் எழுந்து நின்றது. மனசு தாங்காமல் வண்டு மெல்லப் பாடத் தொடங்கியது.

"உஷ்!" என்றது காகம். "மௌன அஞ்சலி நடக்குதுல்ல?"