அறுபத்தெட்டு கிலோ

அணு இணைவு உலையில் சுழலும் ஹைட்ரஜனில் கொஞ்சம், எஃகுச் சுவருக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். எவ்வளவு என்று தெரிய, சுவர்த் தகடுகளைக் கழற்றி நிறுப்பார்கள். உள்ளே போய்க் கழற்றுகிறவர் கணவர். வெளியே நிறுப்பவள் மனைவி. ஒரு சிட்டிகை உப்பளவு எடை கூடியிருந்தாலே அதிகம்.

அன்று ஒரு தகடு அறுபத்தெட்டு கிலோ கூடியிருந்தது.

"தராசு மக்கர் பண்ணுது. நீங்க கொஞ்சம் ஏறுங்க, பார்ப்போம்" என்றாள். அவர் எடையும் அறுபத்தெட்டுதான்.

அவர் ஏறினார். தராசு பூஜ்யம் காட்டியது.

"ஒழுங்கா சோறு போட்டாத்தானே எடை ஏறும்!" என்று சிரித்தார்.

அவளும் ஏறிப் பார்த்தாள். அவளுடைய ஐம்பத்தைந்தைச் சரியாகக் காட்டியது.

அதற்குள் சூளைக்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். எடை பார்த்த தகடுகளைப் பழுக்கச் சுட்டு, உள்ளே ஒளிந்திருப்பதை வெளியே விரட்டுவது அவர் வேலை.

"சீக்கிரம் குடும்மா, சூளை காத்துக்கிட்டு இருக்கு."

"குடுத்துடேன். வீட்டுக்குப் போலாம்" என்று கணவர் அவள் தோளில் கை போட்டார். கை தெரிந்தது, கனம் தெரியவில்லை.

"இதை மட்டும் தர மாட்டேண்ணே" என்று அவள் தகட்டை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

தகடு வெதுவெதுப்பாக இருந்தது.