பச்சைப் பெட்டி

“இருக்கறதுலயே சீக்கிரமா தோத்துப்போற பெட்டி எது சார்?”

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். சீட்டு விளையாட்டுக் கடை வைத்த நாளிலிருந்து அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை தொங்கியது. எக்ஸ்ரே அறையிலிருந்து நேராக ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது.

“எல்லாரும் ஜெயிக்கற பெட்டிதானே மேடம் கேப்பாங்க?”

“எனக்குத் தோத்தாப் போதும். சீக்கிரம் சொல்லுங்க, போட்டி ஆரம்பிச்சிடப் போகுது.”

அவர் மூன்று ஸ்டார்ட்டர் டெக் பெட்டிகளை எடுத்து வைத்தார். புதிதாக ஆட வருபவர்களுக்காகச் சீட்டுகளைப் பொறுக்கி, கட்டாகவே சேர்த்து விற்பது.

“சிவப்பு எடுத்த எடுப்பிலேயே அடிக்கும். நீலம் எதிராளியைக் குழப்பும். பச்சையில பெரிய பெரிய மிருகம் எல்லாம் உண்டு. ஆனா அதுங்க வளர்ந்து வர்றதுக்குள்ள எதிராளி ஆட்டத்தை முடிச்சிடுவான். பொறுமை இல்லாதவங்க கையில இது தேறாது.”

“பொறுமையா? எனக்கா? பச்சையே குடுங்க.”

பெட்டியை அங்கேயே கிழித்துப் பிரித்தாள். சீட்டுகள் பாதி கீழே சிந்தின. பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “முதல் சுற்றுல தோத்தவங்க அடுத்த சுற்றுல தோத்தவங்களோடதானே ஆடணும்?”

“ஆமா. ஜெயிச்சவங்க ஜெயிச்சவங்களோட.”

“ஆடறப்ப பேசியே ஆகணும், இல்லையா?”

“வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். இறக்கற சீட்டை வாய்விட்டுச் சொல்லணும். வாயே திறக்கலைன்னா ஆட்டம் செல்லாது.”

“அப்ப சரி” என்று உள்ளே போனாள்.

உள்கூடத்தில் மேசைகள் நிரம்பியிருந்தன. குலுக்கலில் அவளுக்கு எதிராளியாக ஒரு கண்ணாடிக்கார இளைஞன் வந்தான். அவள் கையில் கிடைத்ததையெல்லாம் இறக்கினாள். ‘இது வேண்டாங்க, அப்புறம் வருத்தப்படுவீங்க’ என்று அவனே இரண்டு தடவை தடுத்துப் பார்த்தான். கூடத்திலேயே முதலில் தோற்றது அவள்தான். ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் வந்தார். “இப்பவாவது சொல்லுங்க மேடம், எதுக்கு இந்தக் கூத்து?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க அம்மா போனப்ப என் தம்பி வெளியூர்ல இருந்தான். வந்துகிட்டே இருக்கேன், வந்துகிட்டே இருக்கேன்னு வழி நெடுக ஃபோன் பண்ணினான். சுத்தி இருந்தவங்க எடுத்துடலாம்னு அவசரப்படுத்தினாங்க. நானும் சரின்னுட்டேன். அவன் வாசல்ல இறங்கறப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. அம்மா முகத்தைக்கூட அவன் பார்க்கலை. அன்னிலேர்ந்து என்னோட பேச்சு நின்னு போச்சு. ஃபோன் எடுக்கறதில்லை. கதவைத் தட்டினா உள்ள இருந்துகிட்டே திறக்கறதில்லை.”

“இங்க ஆட வர்றாரா?”

“ஞாயித்துக்கிழமை டூட்டி முடிஞ்சு பஸ்ல போறப்ப இந்த ஜன்னல் வழியா பார்ப்பேன். தனியா ஒரு மூலையில உட்கார்ந்திருப்பான். சின்ன வயசுலயும் அப்படித்தான், எந்த விளையாட்டுலயும் ஜெயிச்சதே இல்லை. தோக்கறவங்க மேசையில போய் உட்கார்ந்துட்டா எப்படியும் என் எதிர்ல வருவான்னு நினைச்சேன். எழுந்து போக முடியாது பாருங்க.”

“எங்க உட்கார்ந்திருக்காரு?”

“அதோ, ஜன்னல் மேசை. கோடு போட்ட சட்டை.”

கடைக்காரர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“மேடம்... அது போன வாரம் ஜெயிச்சவருக்குன்னு ஒதுக்கற மேசை. பல மாசமா உங்க தம்பி அதை விட்டு எழுந்ததே இல்லை.”

அவள் கால் ஆடுவது நின்றது. கையிலிருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

மற்ற மேசைகளில் ஆட்டம் முடிந்து, தோற்றவர்களுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. அவளுக்கு மட்டும் ஆள் இல்லை. ஜன்னல் மேசையில் தம்பியும் ஒரு கல்லூரிப் பெண்ணும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் தோற்பவர்தான் இங்கே வர வேண்டும். தம்பி ஒரே ஒரு முறை தலை தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு சீட்டுகளுக்குள் குனிந்துகொண்டான்.

‘இனிமே இங்க எனக்கு என்ன வேலை’ என்று அவள் கைப்பையை எடுத்து எழுந்தாள்.

“நானா? நானா ஜெயிச்சேன்?” என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தம்பி தன் கட்டோடு நடந்து வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்தான். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. அவளும் கைப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“வணக்கம்” என்றான்.

“வணக்கம்” என்றாள்.

“நீங்க முதல்ல எடுங்க.”

‘நீங்க’ என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு சீட்டை எடுத்தாள். என்ன சீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் சீட்டைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள். ‘இன்னிக்குன்னு பார்த்து இவனுக்குச் சீட்டு சரியா விழலை போல, ஏதோ என் அதிர்ஷ்டம்’ என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் அந்தக் கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். கையில் ஒரு சீட்டு.

“அண்ணா, இதை மேசையிலயே விட்டுட்டீங்க. கடைசி வரைக்கும் உங்க கையிலதான் இருந்திருக்கு. இதை ஒண்ணு இறக்கியிருந்தா நான் அப்பவே காலி. நீங்க பார்க்கலையா?”

“பார்த்தேம்மா” என்று அதை வாங்கிக் கட்டில் செருகினான் தம்பி. “இறக்கியிருந்தா எங்க அக்கா எழுந்து போயிருக்கும்.”